கொமோடோப் பேருடும்பின் வரலாறு



பற்றியதை விடாத பிடியை 'உடும்புப் பிடி' என்பது நம் வழக்கு. அந்த உடும்பின் குலத்தைச் சேர்ந்த பேருயிர் ஒன்று இந்தோனேசியாவின் கொமோடோ, ரிஞ்சா, புளோரெஸ் முதலிய தீவுகளில் வாழ்கின்றது. வளர்ந்த ஆண் 3 மீட்டர் நீளமும், 70 கிலோவுக்கு மேற்பட்ட எடையும் எய்துவதுண்டு. மானையும் காட்டுப்பன்றியையும் வீழ்த்தி உண்ணும் இதுவே இன்று உலகிலுள்ள பல்லியினங்களுள் மிகப் பெரியது.

தீவினர் இதனை 'ஓரா' என்றழைத்து வழிவழியாக அறிந்திருந்தனர். மேனாட்டு அறிஞர்க்கோ மிகப் பிற்காலத்திலேதான் தெரியவந்தது. 1910-இல் அப்பகுதியில் பணியாற்றிய டச்சு அதிகாரி வான் ஸ்டெயின் வான் ஹென்ஸ்புரூக், 'நிலத்து முதலை' ஒன்று உண்டெனக் கேள்வியுற்றார். கொமோடோவுக்குச் சென்று ஒன்றைக் கொன்று, அதன் தோலையும் புகைப்படத்தையும் சாவகத் தீவின் போகோர் நகர அருங்காட்சியகத்திற்கு அனுப்பினார். அதன் தலைவர் பீட்டர் ஓவென்ஸ், அது முதலையன்று, உடும்பே எனத் தெளிந்து, 1912-இல் உலகிற்கு அறிவித்தார்.

சிறு தீவில் இத்துணைப் பெரிய உடும்பு தோன்றியது எங்ஙனம்? புளோரெஸ் தீவில் முற்காலத்தில் 'ஸ்டெகோடோன்' என்னும் குள்ள யானையினம் வாழ்ந்தது. புலி போன்ற கொடுவிலங்குகள் அங்கு இல்லை. ஆகவே, யானையை வேட்டையாடும் பொருட்டு உடும்பே பருத்து வளர்ந்ததோ என்று 1987-இல் ஜாரெட் டைமண்ட் என்னும் அறிஞர் வினவினார். அவர் வினாவாக எழுப்பியதை நான் வகுப்பறையில் விடையாகவே சொல்லி வந்தேன். "ஐயா, இதற்குச் சான்று என்ன?" என்று ஒரு மாணவன் கேட்டபோது, "பாடத்தைக் கவனி" என்று அமர்த்திவிட்டேன்.

சான்று ஆஸ்திரேலிய மண்ணில் புதைந்து கிடந்தது. கொமோடோ உடும்பினும் பெரிய உடும்பு ஒன்று அங்கு வாழ்ந்ததை, கல்லாய்ச் சமைந்த எலும்புகளைக் கொண்டு 1859-இலேயே ரிச்சர்ட் ஓவன் கண்டு, அதற்கு 'மெகலானியா' என்று பெயரிட்டிருந்தார். பின்னர் 2009-இல் ஸ்காட் ஹாக்னல் என்பவரும் அவர்தம் துணைவரும் குயின்ஸ்லாந்துப் பகுதியில் கிடைத்த எலும்புகளை ஆராய்ந்தனர். அவற்றுட் சில கொமோடோ உடும்பினுடையவை. 30 இலட்சம் ஆண்டுகளுக்கும் முற்பட்டவை. புளோரெஸில் கிடைத்த 9 இலட்சம் ஆண்டுப் பழமையான எலும்புகளோ இன்றைய உடும்பின் அளவையே காட்டின.

இதனால் விளங்குவது யாது? இவ்வுடும்பு தீவிற்கு வந்து பருத்ததன்று. ஆஸ்திரேலியாவிலேயே பருத்திருந்து, மேற்கே பரவித் தீவுகளை அடைந்தது. மெகலானியா மறைந்தது, குள்ள யானையும் மறைந்தது. பேருடும்புக் குலத்தில் எஞ்சி நிற்பது இஃதொன்றே.

இதனைக் காக்க 1980-இல் கொமோடோ தேசியப் பூங்கா அமைக்கப்பட்டது. எனினும் கடல்மட்டம் உயர்ந்து வாழிடம் குறையுமென அஞ்சி, 2021-இல் பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் இதனை அழிவின் விளிம்பை நெருங்கும் இனங்களுள் சேர்த்தது. பல இலட்சம் ஆண்டுகள் நிலைத்த உயிர் நம் காலத்தில் அழிந்தால், அப்பழி நம்மையே சாரும்.

அன்று வினவிய மாணவனுக்கு நான் கடன்பட்டுள்ளேன். நீங்களும் அவனைப் போலவே, ஆசிரியர் கூறினும் சான்றைக் கேளுங்கள்.