உருக்கும் பதமும்

திருப்புளியின் நுனி மழுங்கிவிட்டால் கடையில் வேறொன்று வாங்கி வருகிறோம். அச்சிறு நுனிக்குள் நீண்டதொரு வரலாறு அடங்கியிருப்பதை எண்ணுவோர் சிலரே. பிற மாநிலங்களின் ஆலைகளிலும் பட்டறைகளிலும் பணிபுரியும் தமிழ் நேயர்களுக்கு அவ்வரலாறு அயலானதன்று.

தமிழில் 'உருக்கு' என்றும், கன்னடத்திலும் தெலுங்கிலும் 'உக்கு' என்றும் வழங்கும் சொல்லே ஐரோப்பியர் நாவில் 'ஊட்ஸ்' எனத் திரிந்தது என்பர் அறிஞர். சேலம் வட்டாரத்துக் கொல்லர் இரும்புத் துண்டுகளோடு ஆவாரை விறகையும் எருக்கிலையையும் மண்மூசையில் இட்டு, வாயை மண்ணால் அடைத்து, துருத்தியால் உலையூதி இவ்வுருக்கை ஆக்கினர். விறகிலும் இலையிலும் உள்ள கரி இரும்போடு கலந்தமையே அதன் வலிமைக்குக் காரணம். இன்றைய தெலங்கானாவிலுள்ள கோணசமுத்திரத்துக்குப் பாரசீக வணிகர் நேரில் வந்து இத்தகைய உருக்குக் கட்டிகளை வாங்கிச் சென்றனர்.

1794இல் பம்பாயிலிருந்து டாக்டர் ஹெலினஸ் ஸ்காட் சில கட்டிகளை லண்டனுக்கு அனுப்பினார். மறு ஆண்டே ஜார்ஜ் பியர்சன் அவற்றை ஆராய்ந்து ராயல் சங்கத்தில் கட்டுரை அளித்தார். பின்னர் மைக்கேல் ஃபாரடேயும், கத்தி செய்வதில் வல்லவரான ஜேம்ஸ் ஸ்டோடார்ட்டும் 1820இல் உருக்குக் கலவைகளைப் பற்றித் தம் சோதனை முடிவுகளை வெளியிட்டனர். எனினும் மேலைநாட்டுக் கொல்லர் பலர் ஊட்ஸைக் கையாள இடர்ப்பட்டனர். தம் இரும்பைக் காய்ச்சும் அளவுக்கு இதனைக் காய்ச்சி அடித்தபோது அது நொறுங்கியது. மிகுந்த கரி கொண்ட அவ்வுருக்கை மங்கிய செந்நிறச் சூட்டிலேயே அடித்தல் வேண்டும். பொருள் கடல் கடந்தது. பதமறிந்த கண் உடன் செல்லவில்லை.

அப்பதம் யாது? உருக்கை, காந்தம் ஒட்டாத அளவுக்குச் செக்கச் சிவக்கக் காய்ச்சி எண்ணெயிலோ நீரிலோ சட்டென்று தோய்த்தால், கரி பிரிந்து செல்ல நேரமின்றி உள்ளே சிறைப்படுகிறது. உருக்கு மிகக் கடினமாகிறது. ஆனால் கண்ணாடிபோல் உடையும் இயல்பையும் பெறுகிறது. ஆகவே அதனைத் துலக்கி மீண்டும் மெல்லச் சூடேற்றுவர். அப்போது பரப்பில் நிறங்கள் தோன்றும். ஏறத்தாழ 220 பாகை சென்டிகிரேடில் வைக்கோல் மஞ்சள்; பின் பழுப்பு; அதன்பின் ஊதா; 300 பாகையை நெருங்குகையில் நீலம். சவரக்கத்திக்கு மஞ்சளே போதும். முறுக்கைத் தாங்கவேண்டிய திருப்புளிக்கு ஊதாவோ நீலமோ வேண்டும். கடினத்தில் சிறிது இழந்து உறுதியைப் பெறுவதே இதன் மருமம். வெப்பமானி இல்லாத காலத்துக் கொல்லனுக்கு இந்நிறங்களே அளவுகோல்.

இன்றும் சாதாரணக் கரியுருக்காலான நுனியை, கண்ணாடியணிந்து, காற்றோட்டமான இடத்தில், இம்முறையால் வீட்டிலேயே புதுப்பிக்கலாம். கலப்புலோகத்தாலான நுனிகளோ ஆலையிலேயே பதம் பெற்று வருபவை. அவற்றை அடுப்பிலிட்டால் உள்ள பதமும் கெடும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் மலிவான இறக்குமதி உருக்கு வந்து குவிந்தது. கரிக்கு வேண்டிய விறகும் அரிதாயிற்று. ஊரூராக உலைகள் அணைந்தன. கட்டிகளை ஆராய்ந்தவர் பெயர்கள் ஏடுகளில் நிலைபெற்றன. ஆக்கியவர் பெயர்களோ மறைந்தன. ஆயினும் பட்டறையில் ஒரு தொழிலாளி நீலம் படரும் நொடிக்காகக் காத்து நிற்கும்போதெல்லாம், பெயரறியா அம்முன்னோரின் கல்வி அவர் கண்களில் வாழ்கிறது.