மகமையும் நன்றியறிவும்

துன்புற்ற காலத்து இறைவனை அழைத்தல் மக்கட்கெல்லாம் இயல்பு. அதனைக் கற்பிக்க ஆசிரியனும் வேண்டா, நூலும் வேண்டா. ‘சங்கடம் வந்தால் வேங்கடரமணா’ என்று நம்மவர் நகைத்துக் கூறும் பழமொழி இதுபற்றி எழுந்ததே. ஆயின், களஞ்சியம் நிறைந்து, மனைமக்கள் நோயின்றி இருந்து, வாயிலிற் கடன்காரன் நில்லாத நற்காலத்தில், அந்நிறைவைத் தந்தானை நினைப்பார் எத்துணையர்? பொருள் சிறிது சிறிதாகச் சேருங்கால், அது தன் முயற்சியாற் சேர்ந்ததென்றே நெஞ்சம் கணக்கிடுகின்றது. அக்கணக்கு முற்றும் பொய்யன்று. அதனாலேயே அதனை வெல்லுதல் அரிதாயிற்று.

இவ்வரிய செயலை நெஞ்சின் பொறுப்பில் விடாது கணக்கேட்டின் பொறுப்பில் விட்ட வணிகர், நாட்டுக்கோட்டை நகரத்தார். அவர்தம் கொடைப்பெருமை பலராலும் பேசப்பெற்றுள்ளது. அக்கொடைக்குப் பின்னே நின்ற ஏற்பாடு அத்துணை பேசப்பெறவில்லை. அதனையே ஈண்டு ஆராயப் புகுந்தாம்.

மகமை என்பது வடமொழி ‘மகிமை’யின் திரிபென்பர். வணிகர் வழக்கில், ஒவ்வொரு கொடுக்கல் வாங்கலிலும் அறத்திற்கென எடுத்துவைக்கும் சிறு பகுதிக்கு அது பெயராயிற்று. இவ்வழக்கம் நகரத்தார்க்கே உரியதன்று. நாடார் முதலிய பிற வணிகரிடத்தும் உண்டு. விருதுநகரில் மகமையோடு, உலையில் அரிசி இடுமுன் நாடோறும் ஒரு பிடி எடுத்துவைக்கும் பிடியரிசி முறையும் இருந்து, பள்ளிக்கூடம் நடத்தத் துணைசெய்தது. ஒரு பிடி அரிசி ஏழை வீட்டிலும் குறைவைக் காட்டாது. அதனாலேயே அது நிலைத்தது போலும்.

நகரத்தார் மகமையில் உற்றுநோக்கத் தக்கது யாதெனின், அது கணக்கில் ஏறும் வேளையே. ஆண்டிறுதியில் ஐந்தொகை கண்டு, இலாபம் இவ்வளவெனத் தெளிந்து, ‘இதிற் சிறிது கோயிலுக்குத் தருவோம்’ என்று மனமுவந்து கொடுப்பதன்று அது. பற்றுவரவு நடந்தபொழுதே மகமைக்கு வரவு எழுதப்பெறும். முதலாளி தன் ஊதியத்தை அறியுமுன் இறைவன் பகுதி பிரிந்துவிடும். ஊதியத்தைக் கண்ட கண் அதனைத் தனதென்று கொள்ளும் என்பதை அம்முறையை வகுத்தோர் நன்கு அறிந்திருந்தனர் என்றே எண்ணுகின்றோம். பிரிந்த பொருளும் உண்டியலில் வாளா கிடப்பதில்லை. கோயிற்பணமாகக் கடைகளில் வட்டிக்கு வளர்ந்தது. எனவே இறைவன், வேண்டுங்கால் கை நீட்டும் இரவலனாக நில்லாமல், வட்டியும் முதலும் பெற உரிய ஒருவனாகப் பேரேட்டில் அமர்ந்தான். இஃதன்றி, மணமான ஒவ்வொரு குடும்பத்தையும் ஒரு புள்ளியாகக் கொண்டு, செல்வரும் எளியரும் ஒப்பச் செலுத்தும் புள்ளிவரியும், உடைமைக்கு ஏற்பச் செலுத்தும் ஆஸ்திவரியும் அவர்தம் கோயில்கட்கு உண்டு.

இவ்வழக்கம் கோடிகள் குவிந்தபின் தோன்றியதென்று கருதுதல் பிழை. நகரத்தாரின் அறப்பட்டயங்கள் பழனியைப் பற்றிக் கூறுஞ் செய்தி இதற்குச் சான்று. 17ஆம் நூற்றாண்டில் குமரப்பன் என்னும் நகரத்தார் ஒருவர் உப்பு விற்கப் பழனிக்குச் சென்றார். விற்ற ஊதியத்தில் ஒரு பகுதியை முருகப்பெருமானுக்கு மகமையாக வைத்தார். பின்னர் உறவினரும் ஊராரும் உடன்சேரக் காவடியெடுத்து நடந்து செல்லும் யாத்திரையும் வளர்ந்தது. உப்பு வாணிகத்தில் வருவது பேரூதியமன்று. அச்சிற்றூதியத்திலேயே பங்கு பிரிக்கக் கற்ற கைதான் பிற்காலத்துப் பேரூதியத்திலும் பிரித்தது. காசிமாநகரில் நகரத்தார் சத்திரம் நிறுவப்பெற்றதும் 1813ஆம் ஆண்டில். விசுவநாதர் பூசைக்குரிய பொருள்களை அங்கிருந்து நாடோறும் ஊர்வலமாக எடுத்துச்செல்லும் வழக்கத்தைக் காசி சென்று மீண்டார் பலரும் கண்டிருப்பர். பர்மாவின் செல்வம் அவர் கண்ணிற்படுதற்கு நெடுநாள் முன்னர் நிகழ்ந்தது இது.

அச்செல்வம் வந்த வகையைச் சுருங்கக் கூறுவாம். 1852ஆம் ஆண்டில் கீழைப்பர்மா ஆங்கிலேயர் கைப்பட்டது. 1869ஆம் ஆண்டில் சூயசுக் கால்வாய் திறந்தது. ஐராவதி ஆற்றின் கழிமுகக் காடுகள் நெல்வயல்களாயின. காடு வெட்டி வயலாக்கும் உழவனுக்குப் பணம் வேண்டும். அப்பணத்தை நகரத்தார் கொடுத்தனர். மூன்றாண்டுத் தவணையிற் கொண்டுவிற்கப் போன இளைஞர் மரப்பெட்டியின் முன் தரையிலமர்ந்து கணக்கெழுதினர். 1929-30இல் அமைந்த பர்மா மாகாண வங்கி விசாரணைக் குழு, அந்நாட்டில் நகரத்தார் தொழிலில் நின்ற முதலை ஏறத்தாழ 75 கோடி ரூபாய் என மதிப்பிட்டது. அக்காலத்து 75 கோடியாவது எத்துணைப் பெரிதென்பதைப் படிப்போர் உன்னி உணர்க.

சென்றவிடமெல்லாம் தண்டாயுதபாணிக்குக் கோயில் எழுந்தது. சிங்கப்பூரில் 1859இல் எழுந்தது; பினாங்கிலும் இரங்கூனிலும் சைகோனிலும் எழுந்தன. இரங்கூனில் மாதந்தோறும் நடப்பு வட்டி இவ்வளவென்று உறுதிசெய்யக் கூடியதும் கோயிலிலேயே. வட்டி பேசுதற்கு இறைவன் திருமுன்னா இடம் என்று சிலர் முகஞ்சுளிப்பர். எமக்கு அது குற்றமாகத் தோன்றவில்லை. தொழிலை ஓரிடத்தும் தொழுகையை ஓரிடத்தும் வைத்தார்க்கன்றோ செல்வக்காலத்து மறதி எளிதில் வருவது? தாய்நாட்டிலோ சிதம்பரம், திருவண்ணாமலை, மதுரை முதலிய பெருங்கோயில்களிற் பழுது நீக்கும் திருப்பணிகள் நடந்தன. வேதபாடசாலைகளும் சத்திரங்களும் பெருகின.

நிற்க. வரலாறு எழுதப் புகுந்தவன் ஒரு பக்கத்தை மட்டும் காட்டுதல் முறையன்று. அத்திருப்பணிகளால் நேர்ந்த இழப்பொன்றும் உண்டு. சோழர் காலத்துக் கற்றளிகள் பல, புதிய கல்லாற் சிறப்புறக் கட்டவேண்டுமென்னும் ஆர்வத்தாற் பிரிக்கப்பெற்றன. அவற்றின் சுவர்களிற் கல்வெட்டுகள் இருந்தன. ஒரு நந்தாவிளக்கெரிக்க 96 ஆடு கொடுத்தார் ஒருவர். திருவமுதுக்கு நிலம் விட்டார் மற்றொருவர். அவருள் அரசரும் உளர், வணிகரும் உளர், ஊர்ப்பெண்டிரும் உளர். அரசாங்கக் கல்வெட்டுத் துறையார் முன்னரே படியெடுத்தவை ஒழிய, ஏனைய சிதைந்தன. தம் நிறைவுக் காலத்தில் இறைவனை மறவாதிருந்த முன்னோரின் எழுத்தை, அவ்வாறே மறவாதிருந்த பின்னோர் தம் கையாலேயே நீக்கினர். கருதுந்தோறும் வருந்தற்குரியது இது. கொடுத்தோர் உள்ளம் தூயதே; கல்லின் அருமையை அவர்க்கு அருகிருந்து உரைப்பாரில்லை.

மற்றொன்றும் உண்டு. மகமை பலவிடங்களிற் கடன்கொண்டானிடமிருந்தும் பெறப்பெற்றது. கழிமுகத்திற் சேற்றில் நின்று நாற்று நட்ட பர்மிய உழவன், தான் அறியாத முருகனுக்கும் ஒரு பகுதி செலுத்தினான். அவ்வறத்தின் பயனில் அவனுக்கும் உரிமையுண்டென்பதை எந்தப் பேரேடும் எழுதிவைக்கவில்லை. செட்டிநாட்டு மாளிகைகளின் பர்மாத் தேக்குத் தூண்களையும் இத்தாலியப் பளிங்குத் தரையையும் காணுந்தோறும், நன்றிக்கு ஒதுக்கியது எவ்வளவு, பெருமைக்கு ஒதுக்கியது எவ்வளவு என்னும் வினா எம்முள் எழாமலில்லை. விடை காணல் எமக்கு எளிதாயில்லை.

1930ஆம் ஆண்டில் உலகெங்கும் வந்த விலைவீழ்ச்சியில் நெல்விலை சரிந்தது. உழவனாற் கடனைத் திருப்ப இயலவில்லை. ஈட்டு நிலங்கள் கடன்கொடுத்தார்பால் வந்துசேர்ந்தன. கீழைப்பர்மாவின் முதன்மையான 13 நெல் மாவட்டங்களில் 1930இல் நூற்றுக்கு 6 பங்காக இருந்த நகரத்தார் நிலம், அடுத்த ஏழெட்டாண்டிற்குள் 25 பங்காயிற்று. அவர் வேண்டியது பணம், வந்தது மண், அம்மண்ணோடு அந்நாட்டார் வெகுளியும் வந்தது. 1942இல் சப்பானியர் படை புகுந்தபோது, அரக்கான் வழியாகவும் அஸ்ஸாம் வழியாகவும் இந்தியர் பல்லாயிரவர் நடந்தே மீண்டனர். வழியில் மாண்டாரும் பலர். 1948இல் பர்மா விடுதலை பெற்றது. அவ்வாண்டே நிலங்களை அரசுடைமையாக்கும் சட்டமும் பிறந்தது. 1962இல் படைத்தலைவர் ஆட்சி ஏற்பட்ட பின்னர் எஞ்சிய கடைகளும் மூடப்பெற்றன.

இவ்வீழ்ச்சியில் மகமை என்னாயிற்று? ஆராயின் ஒன்று புலப்படும். மகமை கொடுக்கல் வாங்கலைப் பற்றி நிற்பது. கொடுக்கல் வாங்கல் சுருங்க அதுவும் தானே சுருங்கும். அறவே நின்றவிடத்து அதுவும் நிற்கும். நொந்தவனை அது வருத்துவதில்லை. கடன்பட்டுக் கொடு என்று கூறுவதுமில்லை. அஃது நிறைவுக் காலத்திற்கென்றே அமைந்த விதி. குறைவுக் காலத்தில் இறைவனை அழைத்தற்கு மாந்தர்க்கு விதி வேண்டாவென்பதை முதற்கண் கூறினாம்; அதனை வகுத்தோரும் அவ்வாறே கருதினர் போலும்.

மகமை வரவெழுதிய இரங்கூன் பேரேடுகள் மறைந்தன. உப்பு விற்ற குமரப்பன் காலத்துத் தொடங்கிய காவடி மட்டும், தைப்பூசந்தோறும் செட்டிநாட்டிலிருந்து குன்றக்குடி வழியாகப் பழனிக்கு இன்றும் நடந்து செல்கின்றது.