எம்கேட்: ஒரு வினாத்தாளின் வரலாறு

எம்கேட் என்பது அமெரிக்காவிலும் கனடாவின் பல மருத்துவக் கல்லூரிகளிலும் சேர விரும்புவோர் எழுதும் நுழைவுத்தேர்வு. அமெரிக்க மருத்துவக் கல்லூரிகள் சங்கம் இதை நடத்துகிறது. பிளஸ் டூ முடித்த கையோடு எழுதும் தேர்வல்ல இது. அங்கே மருத்துவம் பட்டப்படிப்புக்கு மேற்பட்ட படிப்பு. அதனால் எழுதுபவர் கல்லூரியின் பின்பாதியில் இருப்பவராகவோ பட்டம் வாங்கி முடித்தவராகவோ இருப்பார். தேர்வு பிறந்தது 1928-ல். இன்றைய பெயர் வந்தது 1948-ல். பாடப்பொருள் பெரிதாக மாறிய ஆண்டுகள் 1946, 1962, 1977, 1991, 2015.

இந்த வினாத்தாளில் அறிவியல் சொந்த வீட்டுக்காரர். சமுதாயத்தைப் பற்றிய கேள்விகள் வாடகைக்குக் குடியிருப்பவர். ஒரு முறை காலி செய்ய வைக்கப்பட்டு, ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் கழித்து வேறு பெயரில் திரும்பி வந்தவர். எம்கேட்டின் வரலாற்றில் கவனிக்க வேண்டிய போக்குவரத்து அதுதான்.

மாஸ் தேர்வு

கல்வியாளர் ஆபிரகாம் ஃப்ளெக்ஸ்னர் அமெரிக்காவிலும் கனடாவிலும் இருந்த 155 மருத்துவக் கல்லூரிகளைப் பார்வையிட்டு 1910-ல் கார்னகி அறக்கட்டளைக்காக ஓர் அறிக்கை எழுதினார். ஆய்வகமோ மருத்துவமனையோ இல்லாமல் கட்டணத்தை மட்டும் நம்பி நடந்த கல்லூரிகளை அது தோலுரித்துக் காட்டியது. மருத்துவம் படிக்க வருபவர் வேதியியல், உயிரியல், இயற்பியல் அடிப்படையோடு வர வேண்டும் என்றும் அது வலியுறுத்தியது. பல கல்லூரிகள் மூடப்பட்டன. மிஞ்சியவற்றில் பாடம் கடினமானது. விளைவு, சேர்ந்தவர்கள் பாதியில் நின்றார்கள். 1920-களில் சில கல்லூரிகளில் நூற்றுக்கு ஐந்து பேர் நின்றால், வேறு சிலவற்றில் சரிபாதியே வெளியேறியது. யார் தாக்குப்பிடிப்பார் என்பதை முன்கூட்டியே அறிய ஒரு கருவி தேவைப்பட்டது.

அதைச் செய்து கொடுத்தவர் வாஷிங்டனில் ஜார்ஜ் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய உளவியலாளர் எஃப். ஏ. மாஸ். அவருடைய தேர்வில் அறிவியல் சொல்வளம், அடிப்படை அறிவியல் செய்திகள், தர்க்கம் ஆகியவற்றோடு நினைவாற்றலுக்கும் பெரிய இடம் இருந்தது. படித்த பகுதியை எவ்வளவு மனத்தில் நிறுத்துகிறார், பார்த்த படத்தை எவ்வளவு நினைவில் வைத்திருக்கிறார் என்றெல்லாம் அளந்தார்கள். இன்று பார்க்க வேடிக்கையாக இருக்கலாம். ஆனால் முதலாண்டு உடற்கூற்றியலில் எலும்பும் தசையும் நரம்புமாகப் பெயர்களை மூட்டை மூட்டையாக மனப்பாடம் செய்ய வேண்டியிருந்த படிப்புக்கு அந்த அளவுகோல் பொருத்தமானதே. 1946 வாக்கில் இடைநிற்றல் சுமார் 7 சதவீதமாகக் குறைந்திருந்தது. அதில் தேர்வின் பங்கு எவ்வளவு, கல்லூரிகள் ஆளைப் பொறுக்கி எடுக்கப் பழகிக்கொண்டதன் பங்கு எவ்வளவு என்று பிரிப்பது கடினம்.

சமுதாயம் குடிவந்த காலம்

இரண்டாம் உலகப் போர் முடிந்து, படையிலிருந்து திரும்பியவர்கள் அரசு உதவியோடு கல்லூரிகளை மொய்த்த நேரத்தில், 1946-ல், தேர்வு திருத்தப்பட்டது. நினைவாற்றல் பகுதிகள் போயின. மொழித்திறன், கணக்குத்திறன், அறிவியல் என்ற மூன்றோடு நான்காவதாக ‘நவீன சமுதாயத்தைப் புரிந்துகொள்ளல்’ என்று ஒரு பகுதி சேர்ந்தது. மருத்துவராகப் போகிறவர் தன் நாட்டையும் காலத்தையும் ஓரளவு அறிந்தவராக இருக்க வேண்டும் என்ற எண்ணம் அதன் பின்னால் இருந்தது.

1962-ல் இந்தப் பகுதி அகலமாக்கப்பட்டு ‘பொது அறிவு’ என்று பெயர் மாறியது. அறிவியலை மட்டும் கட்டிக்கொண்டு அழாமல் பிற துறைகளிலும் காலை நனைத்துவிட்டு வாருங்கள் என்று மாணவர்களுக்கு விடுத்த அழைப்பு அது. அழைப்பை யாரும் பெரிதாக எடுத்துக்கொண்டதாகத் தெரியவில்லை. சேர்க்கைக் குழுக்கள் பார்த்தது அறிவியல் மதிப்பெண்ணைத்தான். கணக்கு அதற்குத் துணை.

இந்த நான்கு பகுதிகளும் எப்படிப் பயன்பட்டன என்பதற்கு அமெரிக்க உச்ச நீதிமன்றத் தீர்ப்பு ஒன்றிலேயே சான்று இருக்கிறது. பொறியாளரான ஆலன் பாக்கி, கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் மருத்துவக் கல்லூரியில் 1973-லும் 1974-லும் விண்ணப்பித்து இடம் கிடைக்காமல் வழக்குப் போட்டார். மொத்தம் 100 இடங்களில் 16 சிறுபான்மையினருக்கான சிறப்புச் சேர்க்கைக்கு ஒதுக்கப்பட்டிருந்ததை எதிர்த்த வழக்கு அது. 1978-ல் வந்த தீர்ப்பின் அடிக்குறிப்பில் அவருடைய எம்கேட் தரவரிசை விழுக்காடுகள் வரிசையாக இருக்கின்றன: மொழித்திறன் 96, கணக்குத்திறன் 94, அறிவியல் 97, பொது அறிவு 72. அவர் விண்ணப்பித்த முதல் ஆண்டில் பொதுப்பிரிவில் சேர்ந்தவர்களின் சராசரி முறையே 81, 76, 83, 69. சிறப்புச் சேர்க்கையில் வந்தவர்களின் சராசரி 46, 24, 35, 33. இட ஒதுக்கீடு பற்றிய விவாதத்தில் இந்த எண்கள் எத்தனையோ முறை மேற்கோள் காட்டப்பட்டுவிட்டன. அவற்றைப் பாடவாரியாகப் படித்தவர்கள் குறைவு. பாக்கிக்கும் பொதுப்பிரிவினருக்கும் இடைவெளி மிகக் குறைந்திருப்பது பொது அறிவில்தான், வெறும் மூன்று. அறிவியலில் அவ்வளவு உயரத்தில் இருந்தவர்களும் அந்தப் பகுதியில் கீழே இறங்கித்தான் நின்றார்கள்.

தீர்ப்பு வெளிவந்தபோது அந்தப் பகுதியே வினாத்தாளில் இல்லை. அதற்கு முந்தைய ஆண்டே அதைத் தூக்கிவிட்டிருந்தார்கள்.

அறிவியலின் ஏகபோகம்

1977-ன் திருத்தம் அதுவரை நடந்தவற்றிலேயே கடுமையானது. பொது அறிவு என்ற பெயரில் கேட்கப்படுவது யாருடைய வீட்டுப் பொது அறிவு என்ற கேள்வி அப்போது வலுத்திருந்தது. எந்த வகுப்பில், எந்த நிறத்தில் பிறந்தார் என்பதே பாதி விடையைத் தீர்மானித்துவிடுகிறது என்றார்கள் விமர்சகர்கள். நியாயமான குற்றச்சாட்டு. ஆனால் பகுதியைச் சீர்செய்வதற்குப் பதில் அடியோடு எடுத்துவிட்டார்கள். உயிரியல், வேதியியல், இயற்பியல் ஒவ்வொன்றுக்கும் தனி மதிப்பெண், அறிவியல் கணக்குகளுக்கு ஒன்று, வாசிப்புக்கு ஒன்று, எண்வழிப் பகுப்பாய்வுக்கு ஒன்று என ஆறு மதிப்பெண்கள் வந்தன. ஒவ்வொன்றும் 1 முதல் 15 வரை.

பாடவாரியாக மதிப்பெண் தனித்துத் தெரிந்ததும் மாணவர்களும் பாடவாரியாகவே படித்தார்கள். அமெரிக்கக் கல்லூரி வளாகங்களில், மருத்துவத்துக்குத் தயாராகும் மாணவரைக் குறிக்கும் ‘ப்ரீமெட்’ என்ற சொல் ஒரு கேலிச்சித்திரமாக இறுகியது: பக்கத்து இருக்கைக்காரரின் மதிப்பெண்ணை ஓரக்கண்ணால் பார்ப்பவர், கரிம வேதியியலைத் தவிர வேறெதையும் வாசிக்காதவர். 1984-ல் சங்கமே வெளியிட்ட ‘இருபத்தோராம் நூற்றாண்டுக்கான மருத்துவர்கள்’ என்ற அறிக்கை, இப்படி இளவயதிலேயே குறுகிப்போவதை எதிர்த்தது. தேர்வை நடத்துபவர்களே தேர்வின் விளைவைக் குறை சொன்னார்கள் என்றும் இதைப் படிக்கலாம்.

கட்டுரை வந்ததும் போனதும்

அந்த அறிக்கையின் வாடை 1991-ல் அறிமுகமான வடிவத்தில் அடித்தது. ஆறு மதிப்பெண்கள் நான்காயின: வாசிப்புத் தர்க்கம், இயற்பியல் சார்ந்த அறிவியல்கள், உயிரியல் சார்ந்த அறிவியல்கள், கட்டுரை. வேதியியல் இரண்டாகப் பிளந்தது. பொது வேதியியல் இயற்பியலோடு போக, கரிம வேதியியல் உயிரியலோடு சேர்ந்தது. தனித்தனிக் கேள்விகளைவிட, ஒரு பத்தியைக் கொடுத்து அதையொட்டிக் கேட்பது முதன்மையானது.

கட்டுரைப் பகுதி கொஞ்சம் விநோதமானது. முப்பது நிமிடத்துக்கு ஒன்றாக இரண்டு கட்டுரைகள். அரசியல், கல்வி, வணிகம் என ஏதோ ஒன்றைப் பற்றி ஒற்றை வரியில் ஒரு கருத்து தரப்படும். முதலில் அதன் பொருளை விளக்க வேண்டும். அடுத்து அந்தக் கருத்து எடுபடாத ஒரு சூழலைக் காட்ட வேண்டும். கடைசியில் எப்போது அது பொருந்தும், எப்போது பொருந்தாது என்று தீர்த்துச் சொல்ல வேண்டும். நம் பட்டிமன்றத்தில் இரண்டு அணிக்கும் நடுவருக்கும் ஒரே ஆள் பேசுவது போன்ற பயிற்சி. மருத்துவருக்கு மிக வேண்டிய திறன் என்றே சொல்ல வேண்டும். ஆனால் மதிப்பீடு எண்ணில் இல்லை. ஆங்கிலத்தின் ‘ஜே’ முதல் ‘டி’ வரையான எழுத்துகளில் ஒன்று கிடைக்கும். மற்ற மூன்றையும் கூட்டி 45-க்கு இத்தனை என்று சொல்லிப் பழகியவர்களுக்கு, கூட்டவும் முடியாமல் கழிக்கவும் முடியாமல் ஓரத்தில் தொங்கும் அந்த எழுத்தை என்ன செய்வதென்று விளங்கவில்லை. தேர்வு 2007-ல் கணினிக்கு மாறியபோதும் கட்டுரை தப்பியது. 2013-ல் அதை நிறுத்தினார்கள். அந்த இடத்தில், அடுத்து வரவிருந்த வடிவத்துக்கான கேள்விகளைச் சோதித்துப் பார்க்க, விருப்பமிருந்தால் எழுதலாம் என்ற மதிப்பெண் இல்லாத பகுதி ஒன்று சிறிது காலம் இருந்தது.

2015

அடுத்த மாற்றத்துக்குத் தூண்டுதல் பல பக்கங்களிலிருந்து வந்தது. நியூயார்க்கின் மவுன்ட் சினாய் மருத்துவக் கல்லூரி 1987-லேயே, கலை, இலக்கியம், தத்துவம் போன்ற துறைகளில் படிக்கும் மாணவர்கள் சிலரை எம்கேட்டும் கரிம வேதியியலும் இல்லாமல் சேர்த்துக்கொள்ளும் திட்டத்தைத் தொடங்கியிருந்தது. அப்படிச் சேர்ந்தவர்கள் மற்றவர்களுக்கு ஈடாகவே படித்து முடித்தார்கள் என்று 2010-ல் வெளியான ஆய்வு காட்டியது. 2009-ல் சங்கமும் ஹாவர்ட் ஹியூஸ் மருத்துவ நிறுவனமும் சேர்ந்து தந்த அறிக்கை, எந்தப் பாடம் படித்தார் என்பதைவிட எதைச் செய்யத் தெரியும் என்று கேளுங்கள் என்றது. 2011-ல் சமூக, நடத்தை அறிவியல்களுக்காக இன்னோர் அறிக்கை வந்தது. 2012 பிப்ரவரியில் சங்கம் புதிய வடிவத்துக்கு ஒப்புதல் தர, 2015 ஏப்ரலில் முதல் தேர்வு நடந்தது.

இன்றுள்ள வடிவம் இதுதான். அறிவியல் பகுதிகள் மூன்று. ஒவ்வொன்றிலும் 95 நிமிடத்தில் 59 கேள்விகள். வாசிப்புப் பகுதி ஒன்று. 90 நிமிடத்தில் 53 கேள்விகள். தவறான விடைக்கு மதிப்பெண் கழிப்பதில்லை; நீட் எழுதிப் பழகியவர்களுக்கு இதுவே முதல் ஆறுதலாக இருக்கும். கால்குலேட்டர் கிடையாது. தனிம அட்டவணை கொடுக்கிறார்கள்.

பாடங்களின் எடைதான் கதை. முதல் இரண்டு அறிவியல் பகுதிகளிலும் உயிர்வேதியியலுக்குக் கால்வாசி. கரிம வேதியியலுக்கு ஒன்றில் 15 சதவீதம், மற்றொன்றில் 5. எண்ணிக்கையில் சொன்னால் உயிர்வேதியியலில் முப்பது கேள்விகள் போல வரும், கரிம வேதியியலில் பன்னிரண்டு போல. ஒரு தலைமுறையே நடுங்கிய பாடம் ஓரத்துக்குப் போய்விட்டது.

இயற்பியல் அளவிலும் குறைந்தது, இடமும் மாறியது. குழாயில் நீர் ஓடும் வேகத்தைக் கேட்பதற்குப் பதில், கொழுப்புப் படிந்து சுருங்கிய ரத்தக்குழாயைப் பற்றி ஒரு பத்தி கொடுத்துக் கேட்கலாம். உள்ளே இருப்பது அதே பாய்மச் சமன்பாடுதான்: அழுத்த வேறுபாடு மாறாமல் ஆரம் பாதியானால் ஓட்டம் பதினாறில் ஒரு பங்காகும், ஏனென்றால் ஆரத்தின் நான்காம் அடுக்கு கணக்கில் வருகிறது. சமன்பாடு தெரிந்திருந்தாலும், கதையில் எது ஆரம், எது அழுத்தம் என்று பிரித்தறியாதவருக்கு விடை வராது. அப்பகுதியின் பெயரே ‘உயிர் அமைப்புகளின் வேதியியல், இயற்பியல் அடிப்படைகள்’ என்றுதான் வைக்கப்பட்டது.

வாசிப்புப் பகுதியில் பாதி கலை, இலக்கியம், தத்துவம் போன்ற துறைகள்; பாதி சமூக அறிவியல். ஆனால் அந்தத் துறைகளை முன்பே படித்திருக்கத் தேவையில்லை. வேண்டியது முழுக்கப் பத்திக்குள்ளேயே இருக்கும். கேள்விகளில் 40 சதவீதம், பத்தியில் சொன்னதை வேறொரு சூழலுக்குப் பொருத்திப் பார்க்கச் சொல்பவை.

பழைய குடித்தனக்காரர் திரும்பி வந்தது கடைசிப் பகுதியில். உளவியல் 65 சதவீதம், சமூகவியல் 30, உயிரியல் 5. முற்சாய்வு, கூட்டத்தோடு ஒத்துப்போதல், நினைவு, மன அழுத்தம், வறுமை, மருத்துவ வசதி யாருக்கு எட்டுகிறது என்பவை இதில் வரும். ஆனால் 1946-ல் வந்தவர் வேறு, இவர் வேறு. அன்று கேட்டது, படித்த குடிமகன் உலகைப் பற்றி என்ன தெரிந்திருக்கிறான் என்பதை. இன்று கேட்பது, நோயாளியின் உடம்பில் உலகம் என்ன செய்கிறது என்பதை. முன்னவர் பண்பாட்டின் பெயரால் வந்தார். பாரபட்சம் என்று வெளியே அனுப்பினார்கள். பின்னவர் அட்டவணை, வரைபடம், பரிசோதனை என்று அறிவியல் உடுப்பு போட்டுக்கொண்டு வந்திருக்கிறார். அதனால் மற்ற மூன்று பகுதிகளுக்குச் சமமான மதிப்பெண்ணும் கிடைத்திருக்கிறது.

மதிப்பெண் வரம்பும் மாறியது. பகுதிக்கு 118 முதல் 132 வரை, மொத்தம் 472 முதல் 528 வரை, நடுப்புள்ளி 500. பழைய மதிப்பெண்ணோடு யாரும் குழப்பிக்கொள்ள முடியாத எண்கள். உச்சத்தில் இருப்பவர்களை மட்டும் பொறுக்காமல், நடுவில் இருப்பவர்களும் படித்து முடிப்பார்கள் என்று கல்லூரிகள் பார்க்க வேண்டும் என்பதற்காகவே நடுப்புள்ளியை உருண்டையான எண்ணாக வைத்தார்கள்.

புதிய பாடங்களுக்குத் தனிவகுப்புக் கட்டணம் கட்ட முடியாதவர்களுக்காக, சங்கத்தின் ஒத்துழைப்போடு கான் அகாடமி இலவசக் காணொளிகளைத் தயாரித்தது. ஆனால் படிப்பவர்கள் கையில் கடைசிப் பகுதி விரைவிலேயே கலைச்சொற்களின் தொகுப்பாகச் சுருங்கியது. நூற்றுக்கணக்கான சொற்களை அட்டை அட்டையாக எழுதி, புரட்டிப் புரட்டி நெட்டுருப் போடுவது அதற்கான வழக்கமான தயாரிப்பாகிவிட்டது. மாஸ் பார்த்திருந்தால் அடையாளம் கண்டிருப்பார்.

2020-ல் கொரோனாவால் பல தேர்வு நாட்கள் ரத்தாகி, ஒரே நாளில் மூன்று அமர்வுகள் நடத்த வேண்டியதானது. ஏழரை மணி நேரத் தேர்வைத் தற்காலிகமாக ஐந்தே முக்கால் மணி நேரமாகச் சுருக்கினார்கள். கேள்விகளின் எண்ணிக்கை குறைந்தது. பாடப்பட்டியலில் எதையும் எடுக்கவில்லை.