தெருவணிகரின் இருப்பிடம்: நகர ஆட்சியுடன் ஒரு நெடிய உரையாடல்

நகரங்கள் தோன்றிய நாள்தொட்டே தெருவில் பொருள் விற்போரும் தெருவை ஆள்வோரும் ஒருவரையொருவர் சார்ந்தே வாழ்ந்து வந்துள்ளனர். புகார் நகரின் மருவூர்ப்பாக்கத்துக்கும் பட்டினப்பாக்கத்துக்கும் இடையே, அடர்ந்த மரங்களையே கடைக்கால்களாகக் கொண்டு நாளங்காடி கூடியதைச் சிலப்பதிகாரம் காட்டுகிறது. சுவரும் கூரையும் இல்லாத அந்த அங்காடி ஊரின் ஓர் உறுப்பாகவே கருதப்பட்டது. இன்றைய நகராட்சிகளிலோ அதே வணிகம் 'ஆக்கிரமிப்பு' என்ற ஒற்றைச் சொல்லால் குறிக்கப்படுகிறது. உறுப்பாக இருந்தது இடையூறாக மாறியது எவ்வாறு? அதை மீண்டும் உறுப்பாக்கும் வழி யாது? இவ்வினாக்களைத் திருவள்ளூர், கும்மிடிப்பூண்டிப் பகுதிகளை மனத்திற்கொண்டு ஆராய்வதே நம் நோக்கமாகும்.

இஸ்லாமியச் சட்ட மரபு இவ்வினாக்களை மிக முற்காலத்திலேயே எதிர்கொண்டது. மதீனாவில் நபி (ஸல்) அவர்கள் திறந்தவெளி ஒன்றைச் சந்தைக்கென ஒதுக்கி, அங்கே வரி விதிக்கலாகாது என்று கூறியதாக அறிவிப்புகள் உள்ளன. பிற்காலத்தில் நிறுவப்பெற்ற 'ஹிஸ்பா' என்னும் துறையின் அலுவலரான முஹ்தஸிப், எடையையும் அளவையையும் சரிபார்த்ததோடு, பாதை அடைபடாமல் பார்த்துக்கொள்ளும் பொறுப்பையும் ஏற்றிருந்தார். அவர் அன்றாடம் சந்தையில் நடந்து, வணிகரை நேரில் கண்டு பேசியவர்.

பஸராவில் பிறந்து பக்தாதில் ஹிஜ்ரி 450இல் (கி.பி. 1058) மறைந்த இமாம் மாவர்தீ (ரஹ்) அவர்கள், 'அல்அஹ்காமுஸ் ஸுல்தானிய்யா' என்னும் தம் ஆட்சியியல் நூலில், தெருவிலும் அங்காடியிலும் அமர்ந்து விற்போரின் இருப்பிடங்களைப் பற்றித் தனியே ஆராய்கிறார்கள். அங்கு மூன்று வினாக்கள் எழுகின்றன. முதலாவது, இடத்தை ஒதுக்கித்தரும் அதிகாரம் ஆட்சியாளருக்கு உண்டா, அல்லது தீங்கைத் தடுத்து வழக்கைத் தீர்ப்பதோடு அவர் பணி முடிகிறதா? இதில் இருவேறு கருத்துகளை மாவர்தீ எடுத்துரைக்கிறார்கள். இரண்டாவது, அமர்ந்ததற்காக வணிகரிடம் கூலி பெறலாமா? எக்கருத்தைக் கொண்டாலும் பெறலாகாது என்பது அவர்கள் முடிவு. மூன்றாவது, இன்று ஓரிடத்தில் அமர்ந்தவருக்கு நாளையும் அவ்விடத்தில் உரிமை உண்டா? ஒருவர் குறிப்பிட்ட இடத்துக்குரியவராக அறியப்பட்டுவிட்டால், பூசலைத் தவிர்க்கும்பொருட்டு அவருக்கே முன்னுரிமை தரவேண்டும் என்பது இமாம் மாலிக் (ரஹ்) அவர்களின் கருத்து. அவ்வாறு செய்தால் பொதுவிடம் தனியுடைமையாகிவிடும் என்று ஷாஃபியீ அறிஞரான மாவர்தீ தயங்குகிறார்கள்.

யார் ஒதுக்குவது, எதற்குக் கட்டணம், வழக்கமாக அமர்ந்தவரின் உரிமை யாது என்னும் இம்மூன்றும் ஆயிரம் ஆண்டுகளுக்குப் பின்னும் நம் நகர்மன்றங்களில் தீராதிருப்பதைக் காண்கிறோம். பொதுவழியின் நலனும் ஏழையின் பிழைப்பும் மோதும்போது, இரண்டில் எதையும் முற்றாகத் துறக்காமல் நெறி காண முயன்றதே அவ்வறிஞர்களின் சிறப்பு.

இந்தியாவில் இவ்விவாதம் நீதிமன்றங்களின் வழியே வளர்ந்தது. பம்பாய் தெருவணிகர் சங்கம் தொடுத்த வழக்கில் 1985இல் உச்ச நீதிமன்றம், வணிகம் செய்யத்தக்க பகுதிகளையும் தகாத பகுதிகளையும் வரையறுக்கும் நெறியை ஏற்றது. 1989இல் சோதன் சிங் வழக்கில், தகுந்த கட்டுப்பாடுகளுக்கு உட்பட்டுத் தெருவில் வணிகம் செய்வது அரசியலமைப்பின் 19(1)(ஜி) பிரிவு வழங்கும் உரிமையைச் சார்ந்தது என்று அரசியல் சாசன அமர்வு உரைத்தது; ஆயினும் குறிப்பிட்ட ஓர் இடத்தை நிலையாகக் கோரும் உரிமை எவருக்கும் இல்லை என்றும் கூறியது. மாவர்தீயின் தயக்கம் இத்தீர்ப்பிலும் எதிரொலிப்பதை வாசகர்கள் உணரலாம். 2004இல் தேசியக் கொள்கையொன்று வகுக்கப்பட்டு, 2009இல் திருத்தப்பட்டது. 2010இல் கைந்தா ராம் வழக்கில் சட்டம் இயற்றுமாறு உச்ச நீதிமன்றம் காலக்கெடு விதித்தது. அக்கெடு கடந்த பின்னரே, தெருவணிகர் வாழ்வாதாரப் பாதுகாப்பு மற்றும் ஒழுங்குமுறைச் சட்டம் 2014 மே முதல் நாள் நடைமுறைக்கு வந்தது. தமிழ்நாடு அதற்கான விதிகளை 2015இல் வெளியிட்டது.

இச்சட்டத்தின் உயிர்நாடி நகர விற்பனைக் குழுவாகும். ஆணையரோ செயல் அலுவலரோ தலைமையேற்கும் அக்குழுவில் 40 விழுக்காட்டுக்குக் குறையாத இடங்கள், வணிகர்கள் தமக்குள் தேர்ந்தெடுக்கும் பேராளர்களுக்கு உரியவை. அவர்களுள் மூன்றில் ஒரு பங்கினர் பெண்களாக இருத்தல் வேண்டும். ஐந்தாண்டுக்கு ஒருமுறையேனும் கணக்கெடுப்பு நடத்த வேண்டும். அது முடிந்து சான்றிதழ் வழங்கும்வரை எவரையும் அகற்றலாகாது. இடம் மாற்றுவதாயின் 30 நாள் முன்னறிவிப்புத் தேவை. கைப்பற்றிய பொருள் அழுகக்கூடியதாயின், உரியவர் கோரிய அன்றே திருப்பித் தரப்பட வேண்டும். மக்கள்தொகையில் இரண்டரை விழுக்காடு வரையிலான வணிகருக்கு இடமளிப்பதைச் சட்டம் அளவுகோலாகக் கொள்கிறது. ஆட்சியாளர் தனித்து முடிவெடுக்கும் நிலையை மாற்றி, வணிகரையும் ஒரே மேசையில் அமர்த்த முயன்றதே இச்சட்டத்தின் புதுமை.

இனித் திருவள்ளூர் மாவட்டத்துக்கு வருவோம். இம்மண்ணுக்கு வணிகம் புதிதன்று. மாவட்டத்தின் வடகோடியிலுள்ள பழவேற்காடு, முஸ்லிம் வணிகரும் பிறரும் துணி ஏற்றுமதி செய்த துறைமுகம். டச்சுக்காரர் 1613இல் அங்குக் கோட்டை எழுப்பினர். மலாய் மொழியில் கைலியைக் குறிக்கும் 'பெலிகாட்' என்னும் பெயர் அவ்வூரிலிருந்தே பிறந்தது. இன்று அம்மாவட்டத்தின் வணிகப் பாதைகள் வேறு. சென்னையிலிருந்து ஒரு புறநகர் இரயில் பாதை திருவள்ளூருக்கும், மற்றொன்று கும்மிடிப்பூண்டிக்கும் செல்கின்றன. திருவள்ளூரில் வீரராகவர் கோயிலுக்கு அமாவாசை தோறும் திரளும் மக்களையும், கும்மிடிப்பூண்டியில் சிப்காட் ஆலைகளின் பணிமுறை மாற்றத்தையும் நம்பிப் பூக்காரர், பழக்காரர், தள்ளுவண்டிச் சிற்றுண்டிக்காரர் எனப் பலர் பிழைக்கின்றனர். வடமாநிலத் தொழிலாளர்க்கு மலிவு விலையில் உணவு தருவோர் இவர்களே. குறைந்த கூலியில் தொழிலாளி வாழ முடிவதற்கு இத்தள்ளுவண்டிகளும் ஒரு காரணம் என்பதை ஆலைகளின் கணக்கேடு காட்டுவதில்லை.

இங்கேதான் சட்டத்தின் எல்லைகள் நமக்குத் தெளிவாகப் புலப்படுகின்றன. இரயில்வே நிலத்துக்கும் இரயில்களுக்கும் இச்சட்டம் பொருந்தாது. ஆகவே நிலைய வாயிலில் ஓரடி உள்ளே அமர்ந்தவருக்கும் ஓரடி வெளியே அமர்ந்தவருக்கும் உரிமை வேறுபடுகிறது. மாநகராட்சி, நகராட்சி, பேரூராட்சி ஆகிய நகர்ப்புற அமைப்புகளை முன்வைத்தே சட்டம் எழுதப்பட்டது. தொழிற்பேட்டையோ ஊராட்சிகளின் எல்லைக்குள்ளும் பரவிக் கிடக்கிறது. அங்குச் சாலையோரம் விற்பவர் தொழிலால் நகரத்தவர். சட்டத்தின் பார்வையில் கிராமத்தவர். நெடுஞ்சாலைத் துறை, சிப்காட், காவல்துறை, ஊராட்சி ஆகிய நால்வருள் யாரிடம் பேசுவது என்பதே அவருக்கு முதல் சிக்கலாகிறது. உரையாடலுக்கு இருதரப்பு வேண்டும். எதிர்த்தரப்பு யாரென்றே தெரியாத இடத்தில் உரையாடல் தொடங்க வழியில்லை.

பேசி முடிவெடுப்பதற்கும் பேசாமல் எடுப்பதற்கும் உள்ள வேறுபாட்டை அண்மைக்கால வரலாறு உணர்த்துகிறது. பர்மாவிலிருந்து 1960களில் திரும்பிய தமிழர்களுக்குச் சென்னைக் கடற்கரை நிலையத்தருகே சிறு கடைகள் கிடைத்தன. பர்மா பஜார் எனப் பெயர்பெற்ற அவ்வரிசை, மக்கள் நடமாட்டம் உள்ள இடத்தில் அமைந்ததாலேயே நிலைத்தது. 2013இல் பாண்டி பஜாரின் நடைபாதை வணிகர்கள் பல அடுக்கு வளாகத்துக்கு மாற்றப்பட்டபோது, மாடியேறி வர வாடிக்கையாளர் தயங்குகின்றனர் என்ற குறை எழுந்தது. 2020 மே மாதம் கொரோனா பரவலால் கோயம்பேடு சந்தை மூடப்பட்டு, மொத்தக் காய்கறி வணிகம் திருவள்ளூர் மாவட்டத்துத் திருமழிசைக்கு மாற்றப்பட்டது. செப்டம்பர் இறுதியிலேயே மீண்டும் கோயம்பேட்டுக்குத் திரும்பியது. நோய்க்காலத்தில் அம்மாற்றம் தவிர்க்கவியலாதது. ஆனால் அதிகாலையில் கோயம்பேட்டில் கூடை நிரப்பி அன்றே விற்றுத்தீர்த்த சில்லறைப் பெண் வணிகருக்குச் சந்தையின் தொலைவு கூடுவதென்பது வண்டிக்கூலி கூடுவதாகும். அக்கூலி அவரது அன்றைய ஆதாயத்தை விழுங்கிவிடும். இத்தகைய கணக்கை அலுவலர் தம் அறையிலிருந்து அறிய இயலாது. வணிகர் சொல்லியே அறிய வேண்டும்.

பதிவேட்டின் அருமையும் அதே ஆண்டில் வெளிப்பட்டது. 2020 ஜூனில் மைய அரசு தெருவணிகருக்கு முதல் தவணையாகப் பத்தாயிரம் ரூபாய் வரை கடன் வழங்கும் திட்டத்தைத் தொடங்கியது. அதனைப் பெற அடையாள அட்டையோ உள்ளாட்சியின் பரிந்துரைக் கடிதமோ தேவைப்பட்டது. கணக்கெடுப்பில் இடம்பெறாதவர் தாம் வணிகர் என்பதையே முதலில் மெய்ப்பிக்க வேண்டியதாயிற்று.

செவிசாய்க்க மறுப்பதன் விளைவைத் தூனிசியா உலகுக்குக் காட்டியது. 2010 டிசம்பர் 17 அன்று சிதி பூசித் நகரில், தம் தள்ளுவண்டிச் சரக்கு பறிக்கப்பட்ட முஹம்மத் பூஅஸீஸி என்னும் இளைஞர், முறையிடச் சென்ற அலுவலகத்தில் கேட்பாரின்றித் தம் உடலுக்குத் தீயிட்டுக்கொண்டார். நான்கு வாரங்களில் 23 ஆண்டுக்கால ஆட்சி கவிழ்ந்தது. அம்மரணத்தை எவரும் முன்மாதிரியாகக் கொள்ளலாகாது. ஆனால் முறையிட ஒரு வாயில் திறந்திருந்தால் அவ்வுயிர் போயிருக்காது என்பதை மறுக்கவும் இயலாது.

ஆகவே நாம் வேண்டுவன பெரிய செலவு கோருபவை அல்ல. திருவள்ளூர் நகராட்சியும் கும்மிடிப்பூண்டிப் பேரூராட்சியும் விற்பனைக் குழுவைக் குறித்த நாளில் கூட்டி, முடிவுகளை எளிய தமிழில் எழுதி, கடைத்தெருவிலேயே ஒட்டுதல் வேண்டும். இரயில்வே, நெடுஞ்சாலை, சிப்காட் அலுவலர்களை அழைப்பாளராகவேனும் அக்கூட்டத்தில் அமர்த்துதல் வேண்டும். ஆலை வாயில்களில் உள்ள ஊராட்சிகள் சட்டத்தின் கட்டாயத்துக்குக் காத்திராமல் தம் வணிகரைப் பதிவுசெய்யலாம். வணிகரும் நடப்போர்க்கு வழிவிட்டு, தெருவைத் தூய்மையாக வைத்துத் தம் பங்கை ஆற்றுதல் கடமையாகும்; பாதையின் உரிமை நடப்பவருக்கும் உண்டு.

அன்றைய முஹ்தஸிப் சந்தைக்கு நடந்து சென்றார். இன்றைய சட்டம் வணிகரை மன்றத்துக்கு அழைக்கிறது. அவ்வழைப்புக் கடிதம் கும்மிடிப்பூண்டியின் தள்ளுவண்டிக்காரர் கையில் சேர்ந்தால்தான் அந்தச் சட்டம் நிறைவேறியதாக நாம் கொள்ள முடியும்.