‘வேம்பயர் டைரீஸ்’ ஊர் நிஜத்தில் எங்கே இருக்கு? டீன் டிராமா லொகேஷன்களைப் பார்க்கப் போறீங்களா... டிக்கெட் போடும் முன் இதைப் படிங்க!

‘தி வேம்பயர் டைரீஸ்’ பார்த்தவர்களுக்கு மிஸ்டிக் ஃபால்ஸ் மனப்பாடம். மணிக்கூண்டு வைத்த கோர்ட் கட்டடம், எதிரே பூங்கா, எலெனாவின் வெள்ளை வீடு, சால்வடோர் சகோதரர்களின் மாளிகை என எல்லாமே பழகிய இடங்கள். ஆனால் கதை நடப்பதாகச் சொல்லப்படும் வர்ஜீனியா மாநிலத்தின் மேப்பில் எவ்வளவு தேடினாலும் அப்படி ஒரு ஊர் கிடைக்காது.

அந்த ஊர் ஜார்ஜியா மாநிலத்தில் இருக்கிறது. அதுவும் முழுசாக ஒரே இடத்தில் இல்லை. சில கட்டடங்களை இன்றும் தொட்டுப் பார்க்கலாம், சிலவற்றை ரோட்டில் நின்றுதான் பார்க்க முடியும், ஒன்றை இனி பார்க்கவே முடியாது. லட்சக்கணக்கில் செலவு செய்து அமெரிக்கா போகிறவர்கள், அங்கே போய் ‘இவ்வளவுதானா?’ என்று நிற்காமல் இருக்க, முன்கூட்டியே தெரிந்துகொள்ள வேண்டியவை இதோ.

மிஸ்டிக் ஃபால்ஸ் எந்த ஊர்?

ஜார்ஜியாவின் தலைநகர் அட்லாண்டாவில் இருந்து கிழக்கே சுமார் 55 கி.மீ. தூரத்தில் இருக்கும் கோவிங்டன் என்ற சின்ன ஊர்தான் மிஸ்டிக் ஃபால்ஸ். 2009 செப்டம்பரில் தொடங்கிய ‘வேம்பயர் டைரீஸ்’, 2017 மார்ச் வரை 8 சீசன்கள், 171 எபிசோடுகள் ஓடியது. முதல் எபிசோடு மட்டும் கனடாவின் வான்கூவரில் எடுக்கப்பட்டது. அதற்குப் பிறகு யூனிட் ஜார்ஜியாவுக்கு வந்துவிட்டது. முதல் எபிசோடில் வரும் ஊரும் அடுத்த எபிசோடுகளில் வரும் ஊரும் லேசாக மாறித் தெரிந்தால், காரணம் இதுதான்.

கோவிங்டனுக்கு கேமரா புதுசு இல்லை. 1978-79 காலகட்டத்திலேயே ‘தி டியூக்ஸ் ஆஃப் ஹஸார்ட்’ தொடரின் முதல் ஐந்து எபிசோடுகள் இந்தப் பகுதியில்தான் எடுக்கப்பட்டன. அடுத்து ‘இன் தி ஹீட் ஆஃப் தி நைட்’ தொடருக்கு இதே ஊர் மிசிசிப்பி மாநில ஊராக நடித்தது. ‘வேம்பயர் டைரீஸ்’ வந்ததும் வர்ஜீனியா ஆனது. 2020-ல் நெட்ஃபிளிக்ஸில் வந்த ‘ஸ்வீட் மக்னோலியாஸ்’ தொடரில் சவுத் கரோலினா ஊராகவும் மாறியது. ஒரே ஊர், ஆனால் தொடருக்குத் தொடர் வேற மாநிலம்!

வர்ஜீனியா கதையை ஏன் ஜார்ஜியாவில் எடுத்தார்கள்?

அழகுக்காக மட்டும் இல்லை. பெரிய காரணம் வரிச்சலுகை.

2008-ல் ஜார்ஜியா அரசு சினிமா, டிவி தயாரிப்புகளுக்கான சலுகையை உயர்த்தியது. மாநிலத்துக்குள் குறைந்தது 5 லட்சம் டாலர் செலவு செய்யும் தயாரிப்புக்கு, அந்தச் செலவில் 20% வரிச்சலுகை. படைப்பில் ஜார்ஜியாவின் லோகோவைக் காட்டினால் கூடுதலாக 10%. ஆக மொத்தம் 30%.

எளிமையாகச் சொன்னால், ஜார்ஜியாவில் 100 ரூபாய் செலவழித்தால் 30 ரூபாய் சலுகையாகக் கிடைக்கும். அந்த நிறுவனம் ஜார்ஜியாவில் கட்ட வேண்டிய வரியே அவ்வளவு இல்லை என்றால்? சலுகையை வேறு ஒரு நிறுவனத்துக்கு விற்றுக் காசாக்கிக்கொள்ளலாம். அதையும் சட்டம் அனுமதிக்கிறது. அடுத்த ஆண்டே ‘வேம்பயர் டைரீஸ்’ அங்கே போனதில் ஆச்சரியம் என்ன?

அதனால் பிடித்த தொடரின் லொகேஷனைத் தேடும்போது, கதையில் சொல்லும் மாநிலத்தை அப்படியே நம்பக் கூடாது. ஷூட்டிங் எங்கே நடந்தது என்று தனியாகத் தேட வேண்டும்.

கோவிங்டனில் என்னென்ன பார்க்கலாம்?

முதலில் ஊர்ச் சதுக்கம். மணிக்கூண்டு வைத்த நியூட்டன் கவுண்டி கோர்ட் கட்டடம் 1884-ல் கட்டப்பட்டது. இது செட் இல்லை, கவுண்டி நிர்வாகத்தின் நிஜக் கட்டடம். எதிரே இருக்கும் பூங்கா பொது இடம். யார் வேண்டுமானாலும் நடக்கலாம், போட்டோ எடுக்கலாம், கட்டணம் கிடையாது.

அடுத்து மிஸ்டிக் கிரில். தொடரில் எல்லோரும் கூடும் அந்த உணவகம், ஷூட்டிங் தொடங்கியபோது நிஜ உணவகமே இல்லை. சதுக்கத்தில் இருந்த ஒரு கட்டடத்தின் முகப்பை மட்டும் காட்டினார்கள். உள்ளே நடக்கும் காட்சிகளுக்கு ஸ்டூடியோவில் செட். ரசிகர்கள் தேடி வரத் தொடங்கிய பிறகு, அதே பெயரில் அங்கே நிஜமாகவே ஒரு உணவகம் திறக்கப்பட்டது. கதையைப் பார்த்து ஊர் மாறிய இடம் இது. ஆனால் உள்ளே போனால் டிவியில் பார்த்த அதே பார் கவுன்டர் இருக்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம்.

எலெனாவின் வீடும், லாக்வுட் குடும்பத்தின் மாளிகையும் கோவிங்டனில்தான் இருக்கின்றன. நான்காவது சீசனில் எலெனா தன் வீட்டுக்குத் தீ வைப்பாரே, அது கேமராவுக்காக மட்டும்தான். நிஜ வீடு பத்திரமாக நிற்கிறது. ஆனால் இரண்டுமே தனியார் சொத்து. வெளியே பொதுச் சாலையில் நின்று பார்க்கலாம், அவ்வளவுதான்.

அட்லாண்டாவில் இருந்து கோவிங்டன் போகும் வழியிலேயே கானியர்ஸ் என்ற ஊர் வரும். ‘வேம்பயர் டைரீஸ்’ கதையில் இருந்து பிரிந்து வந்த ‘தி ஒரிஜினல்ஸ்’ தொடருக்காக, நியூ ஆர்லியன்ஸ் தெருக்களாக இந்த ஊரின் பழைய கடைத்தெருவை மாற்றினார்கள். நேரம் இருந்தால் ஒரே பயணத்தில் இரண்டையும் முடிக்கலாம்.

சால்வடோர் மாளிகை என்ன ஆனது?

ரசிகர்கள் அதிகம் ஏமாறுவது இங்கேதான். சால்வடோர் மாளிகையின் வெளித்தோற்றத்துக்குப் பயன்பட்ட கட்டடம் கோவிங்டனில் இல்லை. அட்லாண்டாவுக்கு வடக்கே சாண்டி ஸ்பிரிங்ஸ் பகுதியில் இருந்த கிளென்ரிட்ஜ் ஹால் என்ற மாளிகை அது. 1929-ல் கட்டப்பட்டது. அமெரிக்காவின் தேசிய வரலாற்றுச் சின்னங்கள் பதிவேட்டிலும் அதன் பெயர் இருந்தது.

ஆனாலும் 2015 ஏப்ரலில் அதை இடித்துவிட்டார்கள். நிலம் புதிய கட்டுமானத்துக்காகக் கைமாறியதுதான் காரணம். பாரம்பரிய ஆர்வலர்களும் ரசிகர்களும் எதிர்ப்புக் குரல் கொடுத்தும் பலன் இல்லை. தேசியப் பதிவேட்டில் இருந்தால் இடிக்க முடியாது என்று பலரும் நினைக்கிறார்கள். அது தவறு. அந்தப் பதிவு ஒரு அங்கீகாரம் மட்டுமே. தனியார் உரிமையாளர் தன் சொந்தப் பணத்தில் இடிக்க முடிவு செய்தால், பதிவால் மட்டும் தடுக்க முடியாது.

கட்டடம் போன பிறகும் தொடர் இரண்டு சீசன்கள் ஓடியது. திரையில் மாளிகை இருந்தது, நிலத்தில் இல்லை. இன்றும் பழைய பட்டியல்களைப் பார்த்து அதைத் தேடிப் போகிறவர்கள் இருக்கிறார்கள்.

வில்மிங்டன்: மூன்று தலைமுறை டீன் டிராமாக்களின் ஊர்

இந்த வகைத் தொடர்களுக்கு இன்னொரு தாய்வீடு, நார்த் கரோலினா மாநிலத்தின் கடலோர நகரமான வில்மிங்டன். 1980-களில் சினிமா தயாரிப்பாளர் டினோ டி லாரன்டிஸ் இங்கே ஸ்டூடியோ கட்டியதில் இருந்து இந்த ஊரின் சினிமா கதை தொடங்குகிறது.

*டாசன்ஸ் க்ரீக் (1998-2003):* கதை நடப்பது மாசசூசெட்ஸ் மாநிலத்தின் கேப்சைடு என்ற கற்பனை ஊரில். எடுத்தது வில்மிங்டனில். இதை உருவாக்கிய கெவின் வில்லியம்சன் நார்த் கரோலினாக்காரர். பிறகு ஜூலி பிளெக்குடன் சேர்ந்து ‘வேம்பயர் டைரீஸ்’ தொடரை உருவாக்கியதும் இவர்தான். தொடரில் வரும் பள்ளிக்கூடம், நிஜத்தில் வில்மிங்டனில் உள்ள நார்த் கரோலினா பல்கலைக்கழக வளாகம். டாசனின் வீடு ஓடைக்கரையில் இருக்கும் தனியார் வீடு.

*ஒன் ட்ரீ ஹில் (2003-2012):* 9 சீசன்கள், 187 எபிசோடுகள். ஆற்றங்கரை நடைபாதையும் பழைய டவுன்டவுன் தெருக்களும் தொடர் முழுக்க வரும். அவை இன்றும் அப்படியே நடந்து பார்க்கக்கூடியவை. ஆனால் லூகாஸ் கூடைப்பந்து ஆடும் ‘ரிவர் கோர்ட்’? தொடருக்காகவே போடப்பட்ட அந்த மைதானம், தொடர் முடிந்ததும் அகற்றப்பட்டது. கேப் ஃபியர் ஆற்றின் எதிர்க்கரையில், நினைவுச் சின்னமாக நிறுத்தப்பட்டிருக்கும் ‘நார்த் கரோலினா’ போர்க்கப்பலுக்குப் பக்கத்தில்தான் அது இருந்தது. கப்பலுக்குள் கட்டணம் கட்டிப் போகலாம். அந்தக் கரையில் நின்றால், தொடரில் மைதானத்துக்குப் பின்னால் தெரிந்த அதே ஆறும் அதே டவுன்டவுனும் தெரியும்.

*தி சம்மர் ஐ டர்ன்டு ப்ரிட்டி (2022-2025):* ஜென்னி ஹானின் நாவல்களை வைத்து பிரைம் வீடியோவில் வந்த தொடர். கதையில் வரும் ‘கசின்ஸ் பீச்’ கற்பனை. எடுத்தது வில்மிங்டனிலும் பக்கத்துக் கடலோரப் பகுதிகளிலும். இன்றைய இளம் ரசிகர்கள் வில்மிங்டன் வருவதற்குக் காரணம் பெரும்பாலும் இதுதான். எல்லோரும் தேடும் அந்தக் கோடைக்கால வீடு, இன்னொரு குடும்பத்தின் சொத்து.

‘அவுட்டர் பேங்க்ஸ்’: பெயரைப் பார்த்துப் போகாதீங்க!

அவுட்டர் பேங்க்ஸ் என்பது நார்த் கரோலினாவில் நிஜமாகவே இருக்கும் தீவு வரிசை. அதே பெயரில் 2020-ல் நெட்ஃபிளிக்ஸில் வந்த தொடர், அங்கே எடுக்கப்படவில்லை. சவுத் கரோலினாவின் சார்ல்ஸ்டன் பகுதியில் எடுத்தார்கள். இரண்டுக்கும் இடையே கிட்டத்தட்ட ஒரு முழு நாள் கார் பயணம்.

இங்கே காரணம் வேறு. பொதுக் கட்டடங்களில் திருநர்கள் எந்தக் கழிப்பறையைப் பயன்படுத்தலாம் என்பதைக் கட்டுப்படுத்தும் சட்டத்தை 2016-ல் நார்த் கரோலினா கொண்டுவந்தது. அது கடும் எதிர்ப்பைச் சந்தித்தது. 2017-ல் திரும்பப் பெறப்பட்டாலும் சில கட்டுப்பாடுகள் 2020 இறுதி வரை தொடர்ந்தன. இதனால்தான் நெட்ஃபிளிக்ஸ் அந்த மாநிலத்தைத் தவிர்த்தது என்று தொடரை உருவாக்கியவர்களே சொல்லியிருக்கிறார்கள்.

இதற்கு முன்பே, நார்த் கரோலினா தந்துவந்த 25% வரிச்சலுகையும் 2014 முடிவோடு நிறுத்தப்பட்டு, அதற்குப் பதில் வரம்புக்குட்பட்ட மானியத் திட்டம் வந்திருந்தது. ஒரு சட்டம் மாறினால், ஷூட்டிங் மட்டுமல்ல, அதைத் தேடி வரும் சுற்றுலாவும் பக்கத்து மாநிலத்துக்குப் போய்விடுகிறது.

வேறு எங்கெல்லாம் போகலாம்?

* காசிப் கேர்ள் (நியூயார்க்): பிளேர், செரீனா உட்காரும் படிக்கட்டு, மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தின் வாசல். நீங்களும் உட்காரலாம், டிக்கெட் வேண்டாம். பள்ளியின் வெளித்தோற்றம், நியூயார்க் நகர அருங்காட்சியகம்.
* பெவர்லி ஹில்ஸ் 90210 (கலிபோர்னியா): வெஸ்ட் பெவர்லி பள்ளியாக நடித்தது டோரன்ஸ் நகரின் டோரன்ஸ் ஹை ஸ்கூல். ‘பஃபி’ தொடரின் சன்னிடேல் பள்ளியும் இதேதான். இன்றும் மாணவர்கள் படிக்கும் பள்ளி என்பதால் உள்ளே அனுமதி எதிர்பார்க்க வேண்டாம்.

வீட்டு வாசலில் எது சரி, எது தப்பு?

தொடர் எடுத்தபோது வீட்டுக்காரருக்கு வாடகை கிடைத்தது. ரசிகர்கள் வரும்போது அவருக்கு எதுவும் கிடைப்பதில்லை. வீட்டில் குழந்தை தூங்கலாம், வயதானவர்கள் இருக்கலாம். ஷூட்டிங் முடிந்து பத்து வருடம் கழித்தும் தினமும் யாராவது ஜன்னலை எட்டிப் பார்த்தால் எப்படி இருக்கும் என்று யோசிங்க.

* பொதுச் சாலை, நடைபாதையில் நின்று வெளித்தோற்றத்தைப் படம் எடுக்கலாம்.
* புல்வெளி, கார் பாதை, வராண்டா படி எல்லாமே வீட்டின் பகுதிதான். காம்பவுண்டு சுவர் இல்லை என்பதால் உள்ளே போகலாம் என்று அர்த்தம் இல்லை. அத்துமீறல் வழக்கு ஆகலாம்.
* வீட்டில் இருப்பவர்கள், அவர்களின் கார் நம்பர் தெரியும்படி போட்டோ போடாதீர்கள்.
* வாசலை மறித்து காரை நிறுத்தாதீர்கள்.

கிளம்பும் முன் செக் லிஸ்ட்

1. கட்டடம் இன்னும் இருக்கிறதா? தேதி போடாத பழைய பட்டியலை நம்பாமல், சமீபத்தில் போனவர்களின் போட்டோவைப் பாருங்கள்.
2. பொது இடமா, தனியார் இடமா? முகவரி கிடைத்தாலே போகலாம் என்று அர்த்தம் இல்லை.
3. கார் இருக்கிறதா? அட்லாண்டாவின் மெட்ரோ ரயில் கோவிங்டன் வரை போகாது. வில்மிங்டன், மாநிலத் தலைநகர் ராலேவில் இருந்து காரில் சுமார் 2 மணி நேரம். இந்த ஊர்களில் சொந்தக்காரர்கள் இருந்தால் ஒரு நாள் பயணமாகப் போய் வரலாம்.
4. எந்த மாதம்? அட்லாண்டிக் புயல் சீசன் ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை. 2018 செப்டம்பரில் ஃபுளோரன்ஸ் புயல் கரை கடந்தது வில்மிங்டனுக்குப் பக்கத்தில்தான்.
5. அன்று ஷூட்டிங் இருக்கிறதா? கோவிங்டனில் இப்போதும் படப்பிடிப்புகள் நடக்கின்றன. சதுக்கத்தின் ஒரு பகுதியை மூடியிருக்கலாம். நகரத்தின் சுற்றுலா அலுவலகத்தில் முன்பே கேட்டுக்கொள்வது நல்லது.