பருத்திப் பூச்சியும் தள்ளிப்போன கல்யாணமும்

எங்க பெரியப்பா பருத்தி போட்டிருந்த காலத்துல வயல்ல நாலஞ்சு இனக்கவர்ச்சிப் பொறி தொங்கும். காலையில போய் பையை அவிழ்த்து எண்ணிட்டு, "டேய், இன்னிக்கு இருபது!"ன்னு சந்தோஷமா வருவார். ஆனா காயை உடைச்சா உள்ளே புழு நெளியும். காரணம் எனக்கே ரொம்ப வருஷம் கழிச்சுதான் புரிஞ்சது. பொறியில விழுந்தது அத்தனையும் ஆண். தப்பிச்ச ஒரே ஒரு ஆண், பல பெண்களோட சேர்ந்துடும்.

நான் சொல்றது இளஞ்சிவப்பு காய்ப்புழுவோட அந்துப்பூச்சி. 1843ல் இதுக்கு அறிவியல் பெயர் வெச்சவர் சாண்டர்ஸ்ங்கிற ஆங்கிலேயர். அவர் கைக்கு வந்த பூச்சி குஜராத்தின் பரூச் பருத்தியில் இருந்து போனது. அப்புறம் பருத்தி போன இடமெல்லாம் இதுவும் போச்சு. 1917ல் டெக்ஸாஸ்லயும் கண்டுபிடிச்சாங்க.

1959ல் ஜெர்மனியின் பியூட்டெனான்ட், சுமார் 5 லட்சம் பெண் பட்டுப்பூச்சிகளை வெச்சு, ஆணை இழுக்கும் வாசனைப் பொருளைப் பிரிச்சுக் காட்டினார். உடனே எல்லாரும் அவங்கவங்க பூச்சியோட வாசனையைத் தேட ஆரம்பிச்சாங்க. 1966ல் காய்ப்புழுவோடது இதுதான்னு ஒண்ணை அறிவிச்சாங்க. வயல்ல ஆண் பூச்சி அதைத் திரும்பிக்கூடப் பார்க்கலை :-) சரியான விடை 1973லதான் வந்தது. 1978ல் அமெரிக்காவில் அதை வயல் முழுக்கப் பரப்ப அனுமதியும் கிடைச்சது. ஊர் பூரா மல்லிகை மணந்தா கல்யாண வீடு எதுன்னு எப்படித் தெரியும்? அதே யோசனைதான்.

ஜோடி சேரவே விடக்கூடாதுங்கிறதுதான் திட்டம். ஆனா சில ஆண்கள் எப்படியோ கண்டுபிடிச்சு வந்து சேர்ந்தன, கொஞ்சம் லேட்டா. இங்கதான் ஆராய்ச்சிக்காரங்க வயசைக் கவனிக்க ஆரம்பிச்சாங்க. இந்தப் பூச்சியோட ஆயுசே ஒண்ணு ரெண்டு வாரம். கூட்டைவிட்டு வந்த ரெண்டு மூணு ராத்திரிக்குள்ள சேர்ந்தா நிறைய முட்டை. தள்ளிப்போகப் போக முட்டையும் குறையுது, அதுல பொரியறதும் குறையுது. ஆப்பிள் காய்ப்புழுவிலயும் இதே கதை. பல அந்துப்பூச்சி இனங்கள்ல ஜோடி சேராம வயசான பெண், இளசுகளைவிட முன்னாடியே வாசனை விட ஆரம்பிச்சிடும். ஆண் பக்கமும் குறை உண்டு, முதல் தடவை தர்ற விந்துப் பொதிதான் பல இனங்கள்ல பெரிசு. (மனுசங்களோட ஒப்பிட்டு யாரும் சண்டைக்கு வராதீங்க!)

ஆக, முழுசாத் தடுக்கணும்னு இல்லை, நாலு ராத்திரி தாமதப்படுத்தினாலே லாபம். பெரியப்பாவோட நாலு பொறியால அது ஆகாது. வயல் முழுக்க வாசனை நிக்கணும், பக்கத்து வயல்காரரும் சேரணும். இல்லேன்னா அங்கே ஜோடி சேர்ந்த பெண் இங்கே வந்து முட்டை போட்டுட்டுப் போயிடும்.

அமெரிக்காவில் இந்த வாசனை, மலட்டுப் பூச்சி, பி.டி. பருத்தி எல்லாத்தையும் சேர்த்துப் போட்டு, 2018ல் பருத்தி விளையற பகுதிகள்ல இந்தப் புழு ஒழிஞ்சதுன்னு அறிவிச்சாங்க. இங்கே 2010லயே, அதே குஜராத்ல, முதல் தலைமுறை பி.டி. பருத்தியைத் தின்னும் புழு பிழைச்சுக்கிட்டதை விதைக் கம்பெனியே ஒத்துக்கிட்டது.

பெரியப்பா அதுக்கு முன்னாடியே மக்காச்சோளத்துக்கு மாறிட்டார். பொறிகள் மட்டும் மாட்டுக்கொட்டகைப் பரண்ல இன்னும் கிடக்கு.