தாம்பரம் புதர்க்காடுகளில் தீ: தடை, கண்காணிப்பு, மீட்சி

வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து தை பிறந்ததும் தாம்பரத்தை ஒட்டிய வண்டலூர், நன்மங்கலம் காப்புக்காடுகளில் புல் காயத் தொடங்கும். இங்கே தீ மர உச்சிகளைத் தாவிப் பிடிப்பதில்லை. தரையோடு ஓடி, புல்லையும் சருகையும் எரித்துவிட்டு விரைவிலேயே அடங்கிவிடுகிறது. இத்தகைய சிறு தீயை நம் அறிவியல் எவ்வாறு பதிவு செய்தது, எங்கே தவறவிட்டது என்பதையே இக்கட்டுரை ஆராய்கிறது.

தீ முதலில் சட்டத்தின் கண்ணில்தான் பட்டது. 1856-இல் கிளெக்ஹார்ன் தலைமையில் சென்னை மாகாண வனத்துறை உருவானது; 1882-ஆம் ஆண்டு வனச்சட்டம் காப்புக்காட்டில் தீ மூட்டுவதைக் குற்றமாக்கியது. தீயைச் சூழலியல் நிகழ்வாக அளக்கும் பணி வெகுகாலம் கழித்தே வேர்பிடித்தது. 1988-இல் ரா. சுகுமார் தலைமையில் இந்திய அறிவியல் கழகத்தினர் முதுமலையில் 50 ஹெக்டேர் நிலத்தை நிரந்தர ஆய்வுக்களமாக்கி, மரம் மரமாக எண்ணிட்டுக் கணக்கெடுத்தனர். சுகுமாரும் சக ஆய்வாளர்களும் 2004-இல் வெளியிட்ட கட்டுரை, 1909–1921 காலத்துத் தீப் பதிவுகளை அண்மைக்காலப் பதிவுகளோடு ஒப்பிட்டு, அங்கே தீ ஏறத்தாழ மும்மடங்கு அடிக்கடி வருவதாகக் காட்டியது. நூறாண்டுக்கு முன் வனத்துறையினர் வரைந்து வைத்த பதிவுகள் இல்லையென்றால் இந்த முடிவே கிடைத்திராது.

உண்ணிச்செடி என்னும் லண்டானாப் புதரைத் தீ பெருக்குகிறது, அப்புதர் தீயைப் பெருக்குகிறது என்ற கருதுகோளை ஹிரேமத்தும் சுந்தரமும் 2005-இல் முன்வைத்தனர். ஆனால் பிலிகிரிரங்கன் மலையின் சோலிகப் பழங்குடியினரோ, தரைத்தீயைத் தடுத்த பிறகே அச்செடி காட்டை மூடியது என்றனர். இந்தச் சாட்சியத்துக்கு உரிய இடம் ஆய்வுலகில் தாமதமாகவே கிடைத்தது என்பது என் கருத்து.

2004 முதல் இந்திய வனஅளவை நிறுவனம் மோடிஸ் செயற்கைக்கோள் உணரியைக் கொண்டு தீ எச்சரிக்கை அனுப்பி வருகிறது. மோடிஸ் படத்தில் ஒரு கட்டம் ஒரு கிலோமீட்டர் அகலம். பின்னர் சேர்ந்த விர்ஸ் உணரியில் அது 375 மீட்டர். 2018 மார்ச் 11 அன்று குரங்கணி மலையில் பற்றிய காட்டுத்தீயால் இருபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்த பிறகு தமிழ்நாட்டில் இவ்வெச்சரிக்கைகள் பரவலான கவனம் பெற்றன. மலைக்காட்டுக்கு இந்த ஏற்பாடு பொருந்தும். தாம்பரத்துக்கு முழுமையாகப் பொருந்தாது. கடும் வெப்பம் இருந்தால் கட்டத்தைவிடச் சிறிய தீயும் உணரிக்குப் புலப்படும் என்பது உண்மைதான். ஆனால் இந்தச் செயற்கைக்கோள்கள் ஒரு நாளில் சில முறை மட்டுமே தலைக்கு மேல் கடக்கின்றன. பிற்பகல் நான்கு மணிக்குப் பற்றி ஆறு மணிக்குள் அணையும் புல்தீ அவற்றுக்கு இடையில் நழுவிவிடலாம். பத்து மீட்டர் நுணுக்கம் கொண்ட சென்டினல்-2 எரிந்த தடத்தைக் காட்டும். ஆனால் ஒரு கோடை மழை பெய்தால் புல் துளிர்த்துத் தடத்தை மறைத்துவிடும்.

ஆகவே மீட்சியைத் தரையில்தான் படிக்க வேண்டும். அதற்கு அரிய களம் அருகிலேயே இருக்கிறது. சென்னைக் கிறித்தவக் கல்லூரி 1937-இல் சேலையூர்க் காட்டு நிலத்துக்கு இடம்பெயர்ந்தது. அக்கல்லூரியின் வேதியியல் பேராசிரியர் எட்வர்ட் பார்ன்ஸ் தாவரங்களையும் ஆராய்ந்தவர். பாதுகாப்பில் வளர்ந்த அந்த வளாகத்தின் புதர்க்காட்டை, தீ அடிக்கடி தொடும் காப்புக்காட்டுச் சரிவுகளோடு ஒப்பிட வாய்ப்புண்டு. ஆனால் இந்த ஒப்பீட்டில் புயலும் குறுக்கிடுகிறது: 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் வண்டலூர் உயிரியல் பூங்காவில் ஆயிரக்கணக்கான மரங்களைச் சாய்த்தது. சாய்ந்த மரம் விறகாகும், திறந்த இடத்தில் புல் வளரும். இரண்டும் தீக்கு இரை. எனவே புயலின் விளைவையும் தீயின் விளைவையும் பிரித்தறிய, களா, காரை, சூரை ஆகிய புதர்ச்செடிகளில் எவை அடிக்கட்டையிலிருந்து துளிர்த்தவை, எவை விதையிலிருந்து முளைத்தவை என்று ஒவ்வொரு மழைக்குப் பின்னும் குறித்த சதுரங்களில் எண்ணிவர வேண்டும்.